வெற்றிலை வைக்காத காமிக்

நேற்று முன்தினம் உன் தம்பி என் வீட்டுக்கு வந்தான். கையில் உன்னுடைய மேக்கப் பெட்டி. "அண்ணி உங்ககிட்ட குடுத்துட்டு வரச் சொன்னாங்கண்ணே. வூட்ல வச்சிக்கினு அவங்களால பாக்க முடியல" என்றான். வேண்டாம், எடுத்துக்கொண்டு போ என்று சொல்லத்தான் நினைத்தேன். மொட்டையடித்த தலையோடு நிற்கிறவனிடம் அதை எப்படிச் சொல்வது? வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

நேற்று சாயங்காலம் லோகோ ஷெட்டிலிருந்து வந்து கை கால் கழுவியதும் இழுத்துத் திறந்தேன். திறந்தவுடன் அந்த வாசனை. காறல் அடித்த தேங்காய் எண்ணெய், ரோஸ் பவுடர், மீசை ஒட்டுகிற பசை, எல்லாவற்றையும் மீறிக்கொண்டு நம் ஷெட்டின் துடைப்புப் பஞ்சு. எஞ்சின் துடைக்கக் கொடுக்கிற பஞ்சில் ஒரு பிடி எடுத்து மடியில் செருகிக்கொண்டு வருவாய். நாடகம் முடிந்ததும் அதில் எண்ணெய் தொட்டு, நீ என் முகத்தையும் நான் உன் முகத்தையும் துடைத்துவிட்டுக்கொள்வோம். மற்ற நடிகர்கள் சந்தன சோப்பு வாசனையோடு வீட்டுக்குப் போவார்கள். நாம் இரண்டு பேர் மட்டும் எஞ்சின் நாற்றத்தோடு போவோம்.

பெட்டியின் அடியில் பழைய நோட்டீஸ் ஒன்று மடித்துக் கிடந்தது. ரோஸ் காகிதம். மேலே நாடகத்தின் பெயர், நடுவில் ராஜபார்ட், ஸ்திரீபார்ட்டுக்காரர்கள் பெயர்கள், கீழே தடித்த எழுத்தில் "காமிக்" என்று போட்டு, முதலில் உன் பெயர், பக்கத்தில் என் பெயர். அதைப் பார்த்ததும் பன்னிரண்டு வருஷமாக உன்னோடு பேசாமல் அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒன்றாகக் கிளம்பிவிட்டது. நீ போய் இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. செத்தவனைத் திட்டலாமா என்று யாராவது கேட்டால், உயிரோடு இருந்தபோது இவன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை, அப்போது எப்படித் திட்டுவது என்று சொல்லிக்கொள்கிறேன்.

காமிக். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு விழுப்புரத்தில் நாம் எத்தனை வேலை வாங்கினோம்! போர்மேன் உட்கார்ந்த நாற்காலி உடைந்தால் "ஒரே காமிக்குப்பா." கோணல்மாணலாகப் பேசுகிறவனைக் கண்டால் "அவன் ஒரு காமிக்கு." லீவு கேட்க வந்தவன் பாட்டியை மூன்றாவது தடவையாகச் சாகடித்தால் "இன்னா, காமிக் பண்றியா?" கூத்தில் கட்டியக்காரன் இருந்தான், ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் இருந்தான். மேஜை நாற்காலி போட்டு சமூக நாடகம் ஆடுகிற நமக்கு அந்தப் பெயர்கள் கொஞ்சம் மட்டமாகப் பட்டன. ஷெட்டில் வேலை செய்கிறவர்கள் சேர்ந்து நடத்திய சின்ன செட்டுதான் நம்முடையது, ஆனாலும் கௌரவத்துக்கு ஒரு இங்கிலீஷ் சொல் வேண்டியிருந்தது.

நமக்கு நோட்டீஸ் எழுதிக் கொடுத்தவர் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. "சார், இந்த காமிக்குன்னா சரியா இன்னா அர்த்தம்?" என்று ஒரு நாள் நீதான் அவரைக் கேட்டாய். "சிரிப்பை உண்டாக்குவது" என்றார். "யாருக்கு சார்?" என்றாய். "யாருக்குன்னா? பாக்கறவனுக்குத்தாம்ப்பா" என்று சிரித்துக்கொண்டே எழுதப் போய்விட்டார். உனக்கு அது போதவில்லை. திரும்பி வரும்போது ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி நகர்ந்து முடிகிறவரை சைக்கிளில் ஒரு கால் ஊன்றிக்கொண்டு அதையே பேசினாய். "பாக்கறவன் மட்டும் சிரிச்சா பத்தாதுடா. அடி வாங்கறவனும் சிரிக்கணும். அப்பதான் அது காமிக்கு. இல்லன்னா அது வெறும் அடி."

நான் அன்றைக்கு உன்னைப் பார்த்துப் பெருமைப்பட்டேன்.

அந்தப் பேச்சிலிருந்துதான் நம் வெற்றிலை வைக்கிற வழக்கம் வந்தது. எந்த ஊரில் நாடகம் போட்டாலும் மத்தியானமே போய்விடுவோம். டீக்கடையில் உட்கார்ந்து, அந்த ஊரில் யாரைப் பற்றிப் பேசினால் எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்போம். கேட்டதும் நேராக அந்த ஆளின் வீட்டுக்கே போய், தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டி, "இன்னிக்கு காமிக்குல உங்கள வச்சிக்கலாமா?" என்று கேட்போம். வெற்றிலையை எடுத்துக்கொண்டால் சம்மதம். எடுக்காவிட்டால் அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும். வெற்றிலை வாங்கி ஈரத் துணியில் சுற்றி எடுத்து வருவது என் வேலை. தட்டை நீட்டுவது உன் வேலை.

வானூரில் ஒருவர் இருந்தார். அப்போது புதுச்சேரி பிரெஞ்சுக்காரன் கையில் இருந்தது, நம் பக்கம் மதுவிலக்கு. சாயங்காலம் ஆனால் அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு, "பாண்டியில தங்கச்சி இருக்குது, பாத்துட்டு வர்றேன்" என்று கிளம்பிவிடுவார். அவருக்குத் தங்கையே கிடையாது. வெற்றிலையை எடுத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "சொல்லுப்பா, தாராளமா சொல்லு. ஆனா எம்பொண்டாட்டி உக்காந்துக்கினு இருக்கற பக்கம் மட்டும் பாக்காத" என்றார். அன்று நீ அவராக வந்து, நான் அந்த இல்லாத தங்கையாக வந்தேன். அவர் மனைவிதான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாள்.

முகையூரில் நடந்ததையும் நான் மறக்கவில்லை. புது வீடு கட்டிய ஒருவர், வாசற்படியைக் குறுக்கலாக வைத்துவிட்டு, கட்டில் உள்ளே போகாமல் தெருவிலேயே படுத்துக்கொண்டிருந்தார். ஊரே அதைச் சொல்லிச் சிரித்தது. நீ தட்டை நீட்டினாய். அவர் வெற்றிலையைப் பார்த்தார், எடுக்கவில்லை. "இருக்கறத வித்துக் கட்னன் தம்பி" என்று மட்டும் சொன்னார். அவ்வளவுதான். வெளியே வந்து, "போவட்டும், வேற எதுனா பண்ணிக்கலாம்" என்றாய். அன்று காமிக் சுமாராகத்தான் போனது, யாரோ பின்னாலிருந்து விசில்கூட அடித்தார்கள். நீ கவலைப்படவில்லை. அப்படிப்பட்ட ஆளைத்தான் நான் எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

திண்டிவனத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற எங்கள் ஊருக்கு மல்லாட்டைச் செடி பிடுங்கிக் கடலை ஆய்கிற சமயத்தில் வந்தாய். அம்மா அப்போது இல்லை, காய்ச்சலில் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. அப்பா ஒருவர்தான் நிலத்தையும் பார்த்துக்கொண்டு, தனக்குத் தானே பொங்கித் தின்றுகொண்டு இருந்தார். உன்னைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் பிடித்துவிட்டது. நீயும் என்னைப் போலவே அவரை நைனா என்றுதான் கூப்பிட்டாய். வேகவைத்த மல்லாட்டையை நீ ஆசையாகத் தின்பதைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் அள்ளி உன் மடியில் போட்டார்.

மறுநாள் விடியற்காலையில் நீ என்னை உலுக்கி எழுப்பினாய். "உள்ள யாருடா? நைனா யாருகிட்டயோ பேசிக்கினு கீறாரு" என்றாய். அடுப்படியிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "ஒலக்கூராளே, கேப்பமாவு கொட்டிட்டன். உப்பு போட்டனா இல்லியா? நீ பாத்துக்கினுதான இருந்த?" பிறகு கொஞ்சம் சும்மா இருந்தார். பதில் கேட்கிறவர் எப்படி இருப்பாரோ அப்படி. "சரி சரி, கோச்சிக்காத. நாளையிலேருந்து மொதல்ல உப்ப போட்டுட்டு அப்புறம் மாவ கொட்றேன்" என்றார். அம்மா பிறந்தது ஒலக்கூரில். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அப்பா அவளை அப்படித்தான் கூப்பிட்டார். எங்கள் ஊரிலும் ஒலக்கூரா என்றால்தான் அவளைத் தெரியும்.

உன்னிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அப்பாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நான் பயந்தது, தங்கச்சி அழுதது, மந்திரிக்கிறவனைக் கூட்டி வரலாமா என்று யோசித்தது. பிறகு பார்த்தால், அவர் வேறு எதிலும் தப்பு செய்யவில்லை. ஏர் ஓட்டினார், சந்தைக்குப் போனார், கணக்காகப் பேசினார். அம்மாவிடம் பேசாமல் அவரால் அடுப்பு மூட்ட முடியவில்லை, அவ்வளவுதான். கிணற்றுமேட்டில் உட்கார்ந்து நான் சொல்லிக்கொண்டிருந்தபோது உன் கண் கலங்கியது. பொய் சொல்ல மாட்டேன், கலங்கியதை நான் பார்த்தேன். "இத வேற யாருகிட்டயும் சொல்லாதடா" என்றாய். நீதான் எனக்கு அதைச் சொன்னாய்.

திண்டிவனத்தில் நாம் நாடகம் போட்டது அதற்கு அடுத்த மாசியில். தகரக் கொட்டகை, சாயங்கால ஆட்டம். அதுவரை அப்பா என்னை மேடையில் பார்த்ததில்லை. வேஷம் கட்டுகிற வேலை அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது. நான் கெஞ்சித்தான் வரவழைத்தேன். வெளுத்த வேட்டி, புதுத் துண்டு, கையில் இரண்டு முடிச்சு. இரண்டிலும் வேகவைத்த மல்லாட்டை. "இது உனக்கு, இது உன் சேக்காளிக்கு. அவனுக்குக் கொஞ்சம் உப்பு கூட போட்டு வச்சிக்கிறேன்" என்றார். அவரை முன்வரிசையில், ஊர்ப் பெரிய மனிதர்களுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். அவர் கூச்சத்தோடு நாற்காலியின் விளிம்பில்தான் உட்கார்ந்தார்.

அன்று மத்தியானம் நாம் வெற்றிலை வைத்தது கடைத்தெரு சோடாக் கடைக்காரருக்கு. பாட்டில் வெடித்துவிடுமோ என்று பயந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கோலியை அழுத்துகிற ஆள். இரண்டு கையாலும் வெற்றிலையை வாங்கிக்கொண்டார். பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். நீ சோடாக் கடைக்காரராக வர வேண்டும், நான் சோடா கேட்டு வர வேண்டும். அதுதான் பேச்சு.

நான் முதலில் மேடைக்குப் போய், "கடையில ஆரு?" என்று குரல் கொடுத்தேன். நீ வந்தாய். முதுகைக் கூனிக்கொண்டு, தலையில் துண்டு கட்டி, கையில் அகப்பையோடு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அடுப்புக்கு முன் குந்துவதுபோல மேடையில் குந்தினாய். கூட்டம் அதற்கே சிரிக்க ஆரம்பித்தது. அப்பாவும் சிரித்தார். அவர் சிரித்ததை நானும் பார்த்தேன், அதை நான் எப்போதும் மறுத்ததில்லை. யாரோ ஒரு கிழவன் சமைக்கப் போகிறான் என்று நினைத்து, முன்பல் இல்லாத வாயைத் திறந்து சிரித்தார். அப்போது நீ இல்லாத ஒருத்தியைத் திரும்பிப் பார்த்து, "ஒலக்கூராளே, உப்பு போட்டனா?" என்றாய்.

அதே குரல். அதே இழுப்பு. கேட்டுவிட்டு நிறுத்துகிற அதே இடைவெளி. திண்டிவனத்தில் பாதிப் பேருக்கு ஒலக்கூரில் பந்து ஜனம் உண்டு. "அட, நம்ம ஒலக்கூரு மாப்பிள்ளடா!" என்று பின்வரிசையில் ஒருவன் கத்தினான். கொட்டகையின் தகரம் அதிர்ந்தது. நீ அத்தோடு விட்டாயா? அவள் பதில் சொன்னதாகத் தலையாட்டினாய், கெஞ்சினாய், அவள் துடைப்பக்கட்டையை எடுத்ததாகப் பயந்து மேடையைச் சுற்றி ஓடினாய், விழுந்து கும்பிட்டாய். என் அம்மாவை நீ பார்த்ததே இல்லை. அவள் அப்பாவை ஒரு வார்த்தை அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. செத்துப்போனவள் கையில் துடைப்பத்தைக் கொடுத்தவன் நீ.

சோடா கேட்க வேண்டிய நான் நடுமேடையில் விழித்துக்கொண்டு நின்றேன். நான் நின்ற நிலையையும் ஜனங்கள் காமிக் என்றே எடுத்துக்கொண்டார்கள். நீ என் காலைச் சுற்றி ஓடியபோது என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். அப்பா எழுந்து போகவில்லை. தோளில் இருந்த புதுத் துண்டை எடுத்து மடியில் வைத்து, மடித்தார். பிரித்தார். மறுபடியும் மடித்தார். பக்கத்தில் இருந்த பெரிய மனிதர் சிரிப்பை அடக்க முடியாமல் அப்பாவின் தொடையிலேயே தட்டிக்கொண்டிருந்தார்.

நாடகம் முடிந்து அப்பா உள்ளே வந்தார். நீ பஞ்சில் எண்ணெய் தொட்டு முகம் துடைத்துக்கொண்டிருந்தாய். உனக்கென்று கொண்டுவந்த முடிச்சை நீட்டி, "நல்லா பண்ணப்பா" என்றார். கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப் போகத் தெரியாத மனிதர், அதனால் கொடுத்தார். வீடு தேடி வந்தவனை முகம் சுளித்துப் பார்க்கத் தெரியாது, அதனால் சொன்னார். நீ பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டாய். அந்தச் சமயம் சோடாக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னாப்பா, என் காமிக்கு வரவே இல்லியே?" என்று ஏமாற்றத்தோடு கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அப்பாவும் நானும் ஊருக்குப் போனோம். வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டினார், தண்ணீர் கொதித்தது, மாவைக் கொட்டினார். நான் கதவுக்கு வெளியே காது கொடுத்து நின்றேன். ஒரு சத்தமும் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். உப்புச் சட்டிக்கு மேல் கையை வைத்தபடி, போட்டோமா இல்லையா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கமாகத் திரும்பினார். வாய் திறந்தது. என்னைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

"அம்மாகிட்ட கேளு நைனா" என்றேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

"எங்க கேக்கறது?" என்றார். "ஊரே கேட்டுக்கினு இருக்குது."

அன்று களியில் உப்பே இல்லை. இரண்டு பேரும் தின்றோம்.

திங்கட்கிழமை ஷெட்டுக்கு வந்ததும் உன்னைத்தான் தேடினேன். எஞ்சினுக்கு அடியில் குழியில் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தாய். மேலே வரச் சொன்னேன். "நைனாவுக்கு வெத்தல வச்சியாடா?" என்று கேட்டேன். நீ கையைத் துடைத்துக்கொண்டே சொன்னதை இன்றைக்கும் அட்சரம் தப்பாமல் சொல்லுவேன். "நம்ம நைனாவுக்கு நான் எதுக்குடா வெத்தல வைக்கணும்? அவரு இன்னா நமக்கு அசலா?"

முகையூரில் முன்பின் தெரியாத ஒருவருக்குக் கொடுத்த மரியாதையை, உனக்கு உப்பு கூட்டி மல்லாட்டை வேகவைத்த மனிதருக்கு நீ கொடுக்கவில்லை. கேட்டால் உரிமை என்றாய்.

"அவரு பேசறத நிறுத்திட்டாருடா" என்றேன். "நாலு நாளு போனா பேசுவாரு, நீ எதுக்குப் பேஜாரு பண்ற?" என்றாய். "முன்னால உக்காந்துக்கினு இருந்தவங்கல்லாம் தூங்கி வழிஞ்சாங்க. எதுனா பண்ணி எழுப்பணும்னு சட்டுனு தோணிச்சு, பண்ணிட்டன்" என்றாய். சட்டென்று தோன்றியவன் கையில் அகப்பை எங்கிருந்து வந்தது? விழுப்புரத்திலிருந்து பெட்டியில் வைத்து எடுத்து வந்திருக்கிறாய். யாரும் இல்லாத இடத்தில் அந்தக் குரலைப் பழகிப் பார்த்திருக்கிறாய். கிணற்றுமேட்டில் கண் கலங்கியபோதே காது அந்த இழுப்பைப் பிடித்துக்கொண்டிருந்ததோ என்னவோ. அது தெரிந்த பிறகுதான் எனக்கு உன்மேல் இருந்ததெல்லாம் விட்டுப்போனது.

"ஒரு தடவ எங்கூட ஊருக்கு வா. அவருகிட்ட, தப்பு பண்ணிட்டன் நைனா, நீங்க பேசுங்கன்னு சொல்லு. நீ சொன்னா கேப்பாரு" என்று கடைசியாகக் கேட்டேன். ஷெட்டில் நாலு பேர் பார்க்கக் கெஞ்சினேன். நீ சிரித்தாய். "உங்க நைனாவே நல்லா பண்ணன்னு சொல்லிட்டாரு. உனக்கு இன்னாடா வந்துச்சு? காமிக்க காமிக்கா எடுத்துக்கத் தெரியல உனக்கு" என்றாய். அதுதான் நீ என்னோடு பேசிய கடைசிப் பேச்சு. நான் ஷிப்டை மாற்றிக்கொண்டேன், நாடகத்தை விட்டேன்.

நீ விடவில்லை. விழுப்புரத்தில் அதையே செய்தாய். வானூரில் செய்தாய். என் இடத்துக்கு வேறு ஒருவனைப் பிடித்து, அவனை என்னைப்போலத் திருதிருவென்று விழிக்கவும் பழக்கினாய் என்று சொன்னார்கள். ஜனங்கள் "ஒலக்கூரா காமிக் உண்டா?" என்று கேட்டு டிக்கெட் வாங்க ஆரம்பித்தார்கள். பிறகு நோட்டீஸிலேயே தனி வரியாகப் போட்டீர்கள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு சுவரில் என் அம்மாவைப் பசை தடவி ஒட்டியிருந்தார்கள். நான் அதைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, அப்பா பின்னால் வந்து நின்று, "அதுல இன்னா எழுதிக்கிது?" என்று கேட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. சினிமா நோட்டீஸ் என்றேன். தலையாட்டினார். நம்பினாரா என்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அவர் நாலைந்து வருஷம் இருந்தார். வேலை செய்தார், சாப்பிட்டார், பேரப்பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சினார். அடுப்படியில் மட்டும் பேசவில்லை. விழுப்புரத்துக்கு என்னோடு வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டேன், வரவில்லை. தெருவில் பொடியன்கள் அவரைப் பார்த்து "உப்பு போட்டனா?" என்று இழுத்துவிட்டு ஓடுவார்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். குனிந்துகொண்டே போவார். ஒரு மனிதருக்கு மீதி இருந்த துணையை நீ பிடுங்கிக்கொண்டு போய் ஊர் ஊராகக் கைதட்டல் வாங்கினாய். இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு வரவில்லை.

அவர் சாவுக்கு நீ வந்தாய். மாலையை வைத்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதாய். உன்னைத் தெரிந்த சிலர், நீ அழுவதும் ஏதோ வேஷம் என்று நினைத்து ஒருவரையொருவர் இடித்துச் சிரித்துக்கொண்டார்கள். அந்த அழுகை நிஜம்தான். உன்னோடு எத்தனை மேடை ஏறியவன் நான், எனக்குத் தெரியாதா? இருந்தும் நான் எழுந்து உன் பக்கம் வரவில்லை. கொஞ்ச நாள் கழித்து, "அவன் இனிமே ஒலக்கூராவ போட மாட்டானாம், உங்கிட்ட சொல்லச் சொன்னான்" என்று ஒருவன் வந்து சொன்னான். கேட்க வேண்டியவர் போன பிறகு நிறுத்தி யாருக்கு என்ன ஆகப் போகிறது? சரி என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

பாதி முடி நரைப்பதற்குள் நீயும் போய்விட்டாய். உன் வீட்டு வாசலில் பந்தலின்கீழ் உட்கார்ந்திருந்தவர்கள் உன்னுடைய காமிக் ஒவ்வொன்றாக நினைவு வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் எதற்கு வந்திருப்பார்கள் என்று உனக்கே தெரியும். ஒருவன் எழுந்து கூனி நின்று அதை நடித்துக்கூடக் காட்டினான். துக்க வீட்டில் சிரிப்பு. உன் மனைவி உள்ளே அழுதுகொண்டிருந்தாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் மனைவி போன ஐப்பசியில் மஞ்சள் காமாலையில் இறந்தாள். அன்றைக்கு நீ எங்கள் தெருமுனை வரை வந்து நின்றுவிட்டுத் திரும்பினாய் என்று பிறகு கேள்விப்பட்டேன். இப்போது காலையில் நான்தான் அடுப்பு மூட்டுகிறேன். எல்லா டப்பாவும் ஒரே மாதிரி இருக்கின்றன. எதில் பருப்பு, எதில் கடுகு என்று அவளுக்குத்தான் தெரியும். தேடும்போது வாய் தானாகத் திறக்கிறது. கேட்டால் என்ன, அப்பா கேட்டாரே என்று தோன்றுகிறது. "ஏ" என்று ஆரம்பிப்பதற்குள் திண்டிவனத்துக் கொட்டகை முழுக்கச் சிரிக்கிற சத்தம் கேட்கிறது. ஜன்னல் பக்கம் திரும்பி, தெருவில் யாராவது நிற்கிறார்களா என்று பார்க்கிறேன். வாயை மூடிக்கொண்டு ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து பார்க்கிறேன்.

பெட்டியைத் திறந்ததிலிருந்து உன்னோடு மட்டும் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறேன். ஜன்னல் நினைவே வரவில்லை. இன்று காலை அடுப்படியில் நின்று உன்னைக் கேட்ட கேள்வி தெருவுக்கே கேட்டிருக்கும். என் மகள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"யாருகிட்ட நைனா பேசற?"

"ஒரு பழைய சேக்காளிகிட்டம்மா."

"அம்மாகிட்ட பேசறியோன்னு நெனச்சி ஓடியாந்தன்" என்றாள்.

அவள் சிரிக்கவில்லை. அப்படி இருந்திருக்கக் கூடாதா என்கிற ஆசை அந்த முகத்தில் இருந்தது. அவள் பல் விளக்கப் போன பிறகு, ஜன்னலைச் சாத்திவிட்டு, ஒரு பக்கமாகத் திரும்பி நின்று, பருப்பு எங்கே வைத்தாய் என்று என் மனைவியைக் கேட்கப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. தொண்டையில் வந்து நின்றதெல்லாம் உன்னைத் திட்டுகிற வார்த்தைதான்.